கடல் எங்கே போச்சு?

டிசம்பர் மாசம், காலை ஆறு மணிக்கு ஹாஸ்டல் பாத்ரூமில் பச்சைத் தண்ணியில குளிச்சிருக்கீங்களா? அந்த முதல் மக் தண்ணி முதுகில் விழும்போது தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்புமே... அந்தச் சத்தத்தை இரண்டு மணி நேரம் விடாமல் போட்டுப் பாருங்க. டோஃபினோவில் சர்ஃபிங் கத்துக்கறதுன்னா அதுதான்!

எங்கே இருக்கு இந்த டோஃபினோ? கனடாவின் மேற்கு ஓரத்தில் வான்கூவர் தீவு. (வான்கூவர் நகரம் வேற, வான்கூவர் தீவு வேற. நகரம் தீவில் இல்லை. இங்கே வந்த புதுசில் நானே குழம்பினேன்.) அந்தத் தீவுக்கும் மேற்கு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி ஊர்தான் டோஃபினோ. அதுக்கப்புறம் ரோடு கிடையாது. பசிபிக் பெருங்கடல்தான், அக்கரையில் ஜப்பான். நடுக்கோடையிலேயே கடல்தண்ணி 12, 14 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும். குளிர்காலத்தில் 7, 8-க்கு இறங்கிடும். ஆகஸ்ட் மாதம் மூடுபனி வந்து ஊரையே போர்த்திக்கொள்வதால் உள்ளூர்க்காரர்கள் அந்த மாதத்துக்கு 'ஃபாகஸ்ட்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாங்கள் போனது எந்த மாதம்னு நினைக்கிறீங்க? அதே ஃபாகஸ்ட்தான்!

ஐடியா எங்க வீட்டு ஐயாவோடது. இவர் சேலத்துக்காரர். கிணறு, ஏரி, மேட்டூர் டேம்... இவருக்குத் தெரிஞ்ச தண்ணியெல்லாம் இவ்வளவுதான். கடலை முதன்முதலாகப் பார்த்ததே பிளஸ் டூ டூரில்தானாம். அப்படிப்பட்டவர் யூ டியூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, "நம்ம ரெண்டாவது கல்யாண நாளுக்கு டென்ட் போட்டுத் தங்கறோம், சர்ஃபிங் கத்துக்கறோம்" என்று அறிக்கை விட்டார். அறிக்கை விட்ட கையோடு குரலைத் தாழ்த்தி, "கிளாஸ் எனக்கு மட்டும்தான் புக் பண்ணியிருக்கேன். நீ கரையில உட்கார்ந்து போட்டோ எடு, போதும்" என்றார்.

ஏன் ஒருத்தருக்கு மட்டும்? ஏன்னா நான் நாகப்பட்டினம். கடலுக்கும் எனக்கும் இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

2004 டிசம்பர் 26. எனக்கு ஒன்பது வயசு, நாலாம் வகுப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்க மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கும் மேல் போனார்கள். எங்க வீடு கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்ததால் தப்பித்தோம். என் பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவள் கீச்சாங்குப்பம். அவள் கொண்டு வரும் நெத்திலிக் கருவாட்டு வறுவலுக்கும் என் தயிர்சாதத்துக்கும் தினமும் பண்டமாற்று நடக்கும். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தபோது டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுத்தார்கள். சில நம்பர்களைக் கூப்பிடாமல் தாண்டித் தாண்டிப் போனார்கள். அவளோடது பதினாலு. எனக்கு இன்றைக்கும் பதிமூணுக்கு அப்புறம் பதினஞ்சுதான் காதில் விழும்.

அதன் பிறகு எங்க அம்மா கடற்கரைப் பக்கமே விட்டதில்லை. நானும் கேட்டதில்லை. சென்னையில் காலேஜ் படித்த நாலு வருஷத்தில் மெரினாவுக்குப் பத்து தடவை போயிருப்பேன். சுண்டல் கடைக்கு அந்தப் பக்கம் போனதில்லை!

சரி, கதைக்கு வருவோம். வான்கூவர் பக்கத்திலிருக்கும் ஹார்ஸ்ஷூ பே துறையில் காரோடு கப்பலேறி, ஒரு மணி நாற்பது நிமிஷத்தில் நனைமோ. அங்கிருந்து டோஃபினோவுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். 'அவ்வளவுதானே, ரெண்டு மணி நேரத்துல அடிச்சிடலாம்'னு கணக்குப் போடாதீங்க. ரோடு அப்படி! ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஏரி, கொல்லிமலைக் கொண்டை ஊசிக்குப் பழகினவருக்கே ஸ்டியரிங் பிடித்த கை வலித்தது. ஊருக்குப் போக இந்த ஒரே ரோடுதான். 2023 ஜூனில் வழியில் காட்டுத்தீ பிடித்து இதை மூடினபோது, டோஃபினோ ரெண்டு வாரத்துக்கு மேல் திண்டாடியிருக்கிறது.

வழியில் 'கத்தீட்ரல் குரோவ்' என்று ஒரு காடு. 800 வயசைத் தாண்டின டக்ளஸ் ஃபர் மரங்கள் நிற்கின்றன. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைக் கட்டி இருநூறு வருஷம் கழித்து முளைத்த மரங்கள், இன்னும் உயிரோடு! அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம், உச்சி தெரியவே இல்லை.

அடுத்து போர்ட் ஆல்பெர்னி. இட்லிக்குச் சட்னி மாதிரி கடந்து போயிருக்க வேண்டிய ஊர். காபி குடிக்க இறங்கினோம். நான் சும்மா இருக்காமல் போனில் அந்த ஊரைப் பற்றிப் படித்தேன். சுமார் 40 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கடற்கழியின் கடைசி முனையில் இருக்கும் ஊர் அது. 1964 மார்ச் 27 அன்று அலாஸ்காவில் 9.2 அளவில் பூகம்பம். அதில் கிளம்பிய சுனாமி நள்ளிரவுக்கு மேல் இந்தக் கழி வழியாக உள்ளே புகுந்து, வீடுகளை அஸ்திவாரத்தோடு பெயர்த்துத் தெருவில் மிதக்க விட்டிருக்கிறது. முதல் அலை வந்ததும் ஜனங்கள் சுதாரித்து மேட்டுக்குப் போய்விட்டார்கள். அதைவிடப் பெரிய ரெண்டாவது அலை வந்தபோது வீடுகள்தான் போயின. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

ரெண்டாவது அலை. அதுதான் எங்க ஊரிலும். முதல் தண்ணி வந்து, கடல் பின்வாங்கினதும், பிள்ளைகளைத் தேடவும் வலையை எடுக்கவும் திரும்பிப் போனவர்கள் உண்டு என்று அப்பா சொல்லியிருக்கிறார். சுனாமி என்ற வார்த்தையே அன்று காலை வரை யாருக்கும் தெரியாது. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்ததே 2007-ல்தான். காபி ஆறிப்போச்சு.

இப்படிப்பட்ட மனநிலையில் டோஃபினோவை நெருங்கினால், ரோட்டோரம் வரவேற்பது எது தெரியுமா? நீல நிற போர்டு. அதில் ஒரு பெரிய அலை, அதிலிருந்து தப்பி மேட்டில் ஏறி ஓடும் ஒரு மனுஷன். 'சுனாமி அபாயப் பகுதி'! ஒன்று இல்லை, கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர். "திரும்பிடலாமா?" என்றார் இவர். "டென்ட் வாடகை திரும்பக் கிடைக்குமா?" என்றேன். கிடைக்காது. அப்ப போலாம்! (எங்க ஊர்ல பயம் ஒருபக்கம், காசு ஒருபக்கம்.)

தங்கினது பசிபிக் ரிம் தேசியப் பூங்காவில் இருக்கும் கிரீன் பாயின்ட் முகாம். 16 கிலோமீட்டர் நீளமான 'லாங் பீச்'சுக்கு மேலே, மேட்டில், காட்டுக்குள் இருக்கிறது. மேட்டில் என்பதை நான் முதலில் கவனித்தேன் என்று சொல்லவும் வேண்டுமா? கோடையில் போவதாக இருந்தால் பல மாதங்களுக்கு முன்பே இடம் பிடிக்கணும். தட்கல் எல்லாம் நடக்காது.

இங்கே ஒரு கண்டிப்பான சட்டம்: டென்ட்டுக்குள் சாப்பாட்டு வாசனையே இருக்கக்கூடாது. பிஸ்கட், பேஸ்ட், சோப்பு, கழுவாத பாத்திரம், எல்லாம் காருக்குள் பூட்டி வைக்கணும். ஏன்னா இது கரடி, ஓநாய், மலைச்சிங்கம் என்று சகலரும் குடியிருக்கிற காடு. ஒரு தடவை மனுஷன் சாப்பாட்டில் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைச் சுட வேண்டிவரும். தப்பு நம்மோடது, தண்டனை கரடிக்கு! நாங்கள் கொண்டுபோனதோ பெருங்காயம் தூக்கலான புளிசாதம். மூடியைத் திறந்ததும் பக்கத்து டென்ட்டுக்காரரே எட்டிப் பார்த்தார், கரடி பார்க்காதா? அவசர அவசரமாகச் சாப்பிட்டு, மூணு கவர் போட்டுக் கட்டி, காரில் வைத்துப் பூட்டினோம். இத்தனை முன்னேற்பாட்டுக்கும் பலன்... கரடி வரவில்லை. கருநீலக் கொண்டை வைத்த 'ஸ்டெல்லர்ஸ் ஜே' என்று ஒரு பறவை வந்தது. மேஜையில் இருந்த முறுக்கை இவர் கைக்கு அரையடி தூரத்திலிருந்து தூக்கிக்கொண்டு பறந்தது. நம்ம காக்காவுக்குச் சொந்தக்காரன்தான்!

ராத்திரி மழை. டோஃபினோவில் வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். நாகையில் பெய்வதைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல். டென்ட் மேல் கட்டும் ஷீட்டை இவர் தலைகீழாகக் கட்டியிருந்தார் என்பது ஒரு மணிக்குத் தெரியவந்தது. அதுக்கப்புறம் தூக்கமாவது, ஒண்ணாவது. இவர் மட்டும் ஈர ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளும் குறட்டை விட்டார். எனக்கு மழைச் சத்தத்துக்குப் பின்னாடி கேட்டுக்கொண்டே இருந்த அலைச் சத்தம்தான் காதில். இருபது வருஷம் கழித்து அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

காலை ஆறு மணி. மழை விட்டிருந்தது. ராத்திரி முழுக்கப் பயந்தாச்சு, வெளிச்சத்தில் ஒரு தடவை முகத்தையாவது பார்த்துவிடலாம் என்று தனியாகக் கிளம்பி, மரங்களுக்கு நடுவே பாதை வழியாகக் கீழே இறங்கினேன். ஒரே மூடுபனி. மணலில் கால் வைத்தேன். நடந்தேன். இன்னும் நடந்தேன்.

கடலைக் காணோம்!

முந்தின நாள் மரக்கட்டைகள் கிடக்கிற இடம் வரை வந்து மோதின கடல், இல்லை. கண்ணுக்கு எட்டின தூரம் ஈர மணல். அங்கங்கே குட்டை. உரிச்சுப் போட்ட மாதிரி கடல்பாசி. நேற்று தண்ணிக்குள் மூழ்கியிருந்த பாறைகள் இடுப்பளவு உயரத்துக்கு வெளியே நிற்கின்றன. சத்தம்கூட எங்கேயோ தூரத்தில்.

அவ்வளவுதான். எப்படி ஓடினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. செருப்பு ஒன்று மணலிலேயே போச்சு. மேட்டில் ஏறி, டென்ட் ஜிப்பைப் பிய்த்துத் திறந்து, "எழுந்திருங்க, கடல் உள்வாங்கிடுச்சு, எழுந்திருங்க!" என்று கத்தினேன். இவர் எழுந்து, என் முகத்தைப் பார்த்து, ஒரு கேள்வி கேட்காமல் கார் சாவியை எடுத்தார். அதுக்காகவே இவருக்கு ஷீட் விஷயத்தில் மன்னிப்பு.

பக்கத்து டென்ட்டுக்காரர் (புளிசாதத்தை எட்டிப் பார்த்தவர்) ஸ்டவ்வில் காபி போட்டுக்கொண்டிருந்தார், அறுபது வயசிருக்கும். நாங்கள் ஓடுவதைப் பார்த்து நிறுத்தினார். நான் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டார். சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். அலையேற்ற அட்டவணை. இன்றைக்கு எத்தனை மணிக்குக் கடல் ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும், எவ்வளவு மீட்டர் என்று நிமிஷக் கணக்காக அச்சடித்திருந்தது. நான் இறங்கிப் போன நேரம் அன்றைய காலை இறக்கம்.

விஷயம் இதுதான். ஏற்ற இறக்கம் நம்ம கடலிலும் உண்டு. ஆனால் நாகை பக்கம் ரெண்டுக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு, கண்ணுக்கே தெரியாது. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூணு, நாலு மீட்டர் வரை போகும். கரையோ தோசைக்கல் மாதிரி தட்டை. அதனால் தண்ணி மட்டம் இறங்கும்போது கடல் பல நூறு மீட்டர் பின்னால் போய்விடும். ஆறு மணி நேரத்தில் மெதுவாகத் திரும்பி வரும். தினமும் ரெண்டு தடவை. கோடிக்கணக்கான வருஷமாக நடக்கிறது. எனக்கு மட்டும் கடல் பின்வாங்கிச்சுன்னா ஒரே ஒரு அர்த்தம்தான் தெரிஞ்சிருந்தது.

"எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன். பேரைச் சொன்னதுமே அவருக்குத் தெரியவில்லை. '2004' என்றதும் தெரிந்தது. காபியை என் கையில் கொடுத்துவிட்டு, "நீ செய்தது சரி. இங்கேயும் அப்படித்தான் ஓடணும். தரை பலமாக ஆடினாலோ, அட்டவணையில் இல்லாமல் கடல் பின்வாங்கினாலோ, சைரனுக்காகக் காத்திருக்கக்கூடாது" என்றார். காகிதத்தை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் காகிதம் இப்பவும் என் பர்ஸில் இருக்கிறது, அந்த மாதம் முடிந்துபோயும்.

பத்து மணிக்கு இவருக்குக் கிளாஸ், காக்ஸ் பே கடற்கரையில். நான் கேமராவோடு போனேன். சர்ஃபிங் பள்ளி வேனின் பின்கதவில் டியூஷன் சென்டர் மாதிரி எட்டுப் பேர் நின்றார்கள். சொல்லிக்கொடுப்பது ஒரு பொண்ணு, இருபத்திரண்டு வயசிருக்கும், காலேஜ் லீவில் வேலை பார்க்கிறாள். "நீ வரலையா?" என்றாள். "இன்னும் ஒரு இடம் காலியா?" என்று கேட்டது நான்தான். இவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையைப் போட்டோ எடுக்க ஆளில்லாமல் போச்சு!

முதல் பரீட்சை, வெட்சூட் போடுவது. 5 மில்லிமீட்டர் கனத்தில் ரப்பர் உடுப்பு. அதோடு ரப்பர் ஷூ, கையுறை, தலைக்குக் குல்லா. வெட்சூட் தண்ணியை உள்ளே விடாதுன்னு நினைச்சிருந்தேன். விடும்! உள்ளே புகுந்த கொஞ்சூண்டு தண்ணி உடம்புக்கும் ரப்பருக்கும் நடுவே மாட்டிக்கும், நம்ம உடம்புச் சூட்டில் அதுவும் சூடாயிடும். ரப்பருக்குள் இருக்கும் பொடிப் பொடிக் காற்றுக்குமிழ்கள் அந்தச் சூட்டை வெளியே விடாது. அதனால் உடுப்பு தொளதொளன்னு இருந்தா உபயோகமில்லை, தோலோடு தோலாக ஒட்டணும். சர்ஃபர்கள் சொல்லிக்கொடுத்த வித்தை: காலில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். காரில் கிடந்த மளிகைக்கடை கவர் கை கொடுத்தது. (தண்ணிக்குள் திடீர்னு சூடு வேணும்னா சர்ஃபர்கள் உடுப்புக்குள்ளேயே என்ன செய்வாங்கன்னும் அந்தப் பொண்ணு சிரித்துக்கொண்டே சொன்னாள். எழுதினால் எடிட்டர் வெட்டிடுவார். நீங்களே யூகிச்சுக்கோங்க.)

அடுத்து மணலில் பயிற்சி. கத்துக்குட்டிகளுக்குக் கொடுப்பது எட்டு, ஒன்பது அடி நீளமான ஸ்பாஞ்ச் பலகை. பின்னங்காலில் ஒரு கயிறு, கோயில் யானை மாதிரி. பலகையில் குப்புறப் படு, ரெண்டு கையையும் விலாவுக்குப் பக்கத்தில் ஊன்று, ஒரே துள்ளலில் எழுந்து நில். மணலில் இவர்தான் ஹீரோ! எட்டுப் பேரில் முதல் ரேங்க். அப்புறம் எச்சரிக்கைகள். விழும்போது தலைகுப்புறப் பாயாதே, தட்டையாக விழு. மேலே வரும்போது கையால் தலையை மூடிக்கொள், உன் பலகையே உன் மண்டையில் அடிக்கும். ரெண்டு பக்கமும் அலை உடையும்போது நடுவில் மட்டும் அமைதியாக, கருப்பாக ஒரு சந்து தெரிந்தால் ஆசைப்பட்டுப் போகாதே. அதுதான் உள்ளே இழுக்கும் நீரோட்டம். மாட்டிக்கிட்டா கரையைப் பார்த்து நீந்திச் சாகாதே, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வா. இதை நம்ம மெரினாவுக்கும் சேர்த்து மனப்பாடம் பண்ணி வைங்க, ப்ளீஸ்.

"உனக்கு இங்கே பயமா இல்லையா?" என்று அந்தப் பொண்ணிடம் கேட்டேன். அவள் கடலைக் கைகாட்டினாள். "அங்கே அடியில் ரெண்டு தட்டு மோதிக்கிட்டு நிற்குது. 1700 ஜனவரி 26 ராத்திரி ஒரு தடவை நழுவிச்சு. பச்சீனா பே என்ற இடத்தில் ஒரு கிராமமே போச்சு. அந்தப் பழங்குடி மக்கள் அதைக் கதையாகச் சொல்லிச் சொல்லி வைத்திருந்தாங்க. அதே அலை ஜப்பானுக்கும் போயிருக்கு. பூகம்பமே இல்லாமல் அலை வந்ததுன்னு அங்கே எழுதி வைத்திருந்தாங்க. 1996-ல் ரெண்டையும் விஞ்ஞானிகள் பொருத்திப் பார்த்துத்தான் தேதியே உறுதியாச்சு. மறுபடி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. எனக்கு ஓட வேண்டிய வழி தெரியும்" என்றாள். அவ்வளவுதான். பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

நானும் நடந்தேன். கணுக்கால். முழங்கால். ஷூவுக்குள் தண்ணி புகுந்தபோது ஹாஸ்டல் பாத்ரூம் சத்தம் தானாக வந்தது. இடுப்பு. முதுகு ஜிப் வழியாக ஒரு கோடு ஐஸ் தண்ணி இறங்கியது. முதல் அலை முகத்தில் அறைந்தது, வாய் நிறைய உப்பு. நாகப்பட்டினத்து உப்பேதான். நின்ற இடத்திலேயே அழுதேன். நல்லவேளை, கடலில் அழுதால் யாருக்கும் தெரியாது, எல்லோரும் மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அன்றைக்கு நான் பலகையில் எழுந்து நிற்கவில்லை. பொய் சொல்ல விரும்பலை. முப்பது தடவை முயற்சி பண்ணி, ரெண்டு தடவை முழங்காலிட்டேன். ஆனால் ஒரு அலை. அந்தப் பொண்ணு பின்னாலிருந்து தள்ளிவிட, நான் குப்புறப் படுத்தபடியே... வெள்ளை நுரை பலகையைத் தூக்கியது, ஏதோ ஒன்று கீழேயிருந்து கை கொடுத்துத் தூக்கின மாதிரி, அப்படியே கரை வரைக்கும் கொண்டுபோய் மணலில் இறக்கிவிட்டது. கரை வரைக்கும்! என்னைக் கொண்டுவந்து கரையில் விட்டது. வேறு யாருக்கும் அது பெரிய விஷயமாக இருந்திருக்காது.

மணல் ஹீரோ? ஒன்றரை லிட்டர் கடலைக் குடித்தார். ஒருமுறை நின்றார், ஒரு வினாடி. அதை நான் பார்க்கவில்லை என்பது இன்று வரை எங்கள் வீட்டில் தீராத வழக்கு.

வெளியே வந்தால் விரல் மடங்காது, ஜிப் பிடிக்க முடியாது. போகிறவர்கள் ஒரு பெரிய ஃபிளாஸ்க் நிறையச் சுடுதண்ணி கொண்டுபோய்க் காரில் வைத்துக்கொள்ளுங்கள். கை காலில் ஊற்றிக்கொள்ளும்போது சொர்க்கம் தெரியும். குளிர் வேண்டாம், அலை மட்டும் போதும் என்கிறவர்கள் கோவளத்துக்கோ மகாபலிபுரத்துக்கோ போங்க. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் அருமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் போட்டியே மகாபலிபுரத்தில்தான் நடந்தது. தண்ணியும் நம்ம ஊர் வெந்நீர்!

ராத்திரி எட்டு மணிக்கு, நாகையில் அப்போது காலை எட்டரை, அம்மாவுக்குப் போன் பண்ணினேன். கல்யாண நாளுக்கு எங்கே போனீங்க என்று கேட்டாங்க. காடு, மரம், முறுக்குத் திருடின பறவை எல்லாம் சொன்னேன். அப்புறம், "கடலுக்கும் போனேம்மா. உள்ளே இறங்கினேன்" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோ என்று பார்த்தேன். இல்லை, குக்கர் விசில் கேட்டது.

"தலையை நல்லாத் துவட்டினியா?" என்றார் அம்மா.